வன்பொருள் வள்ளல்களுக்கு ஒரு வாழ்த்துமடல்

சில்லு செய்யும் பெருமக்களே,

உங்களைப் புகழ இதைவிடத் தக்க நேரம் வாய்க்காது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்ற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதற்கு முந்தைய மடிக்கணினியை வைத்திருப்பவர்கள், நன்றாக ஓடுகிற ஒன்றைக் காயலான் கடைக்குப் போட மனம் வராமல் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். கல்லூரி மாணவி வருகிறார், ஓய்வுபெற்ற ஆசிரியர் வருகிறார், டிடிபி கடை வைத்திருப்பவர் வருகிறார். பென்டிரைவில் லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ ஏற்றி, நிறுவி முடித்து, கணினியைத் திரும்ப இயக்கியதும் அவர்கள் முதலில் சந்திப்பது உங்களைத்தான். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பெயர் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் வைஃபை சில்லின் மாடல் எண் அன்று இரவுக்குள் மனப்பாடமாகிவிடும். இந்தப் புகழ் உங்களைத் தவிர வேறு யாருக்குக் கிடைத்திருக்கிறது?

உங்கள் திறமையிலிருந்து தொடங்குகிறேன். விரல் நுனி அளவுச் சில்லு ஒன்று, சுவருக்கு அப்பால் இருக்கும் ரவுட்டரோடு நொடிக்குப் பல கோடி பிட் பேசுகிறது. இடையில் எத்தனை இரைச்சல் இருந்தாலும் தன் செய்தியை மட்டும் பிரித்தெடுக்கிறது. இதைச் சில நூறு ரூபாய்க்குத் தருகிறீர்கள். மனித குலம் செய்த அருமையான பொருட்களில் இது ஒன்று. மனதாரச் சொல்கிறேன்.

இவ்வளவு பேசும் சில்லைக் கணினியோடு பேச வைக்க ஒரு டிரைவர் வேண்டும். எந்த முகவரியில் எந்த எண்ணை எழுதினால் சில்லு விழிக்கும், எந்த வரிசையில் எழுதினால் அலைவரிசை மாறும், வேலை முடிந்ததை அது எப்படித் தெரிவிக்கும் என்பதைச் சொல்லும் ஒரு கையேடு இருந்தால் அந்த டிரைவரை எழுதிவிடலாம். அந்தக் கையேடு உங்களிடம் இருக்கிறது. அது இல்லாமல் விண்டோஸுக்கான டிரைவரை நீங்களே எழுதியிருக்க முடியாது. அதை வெளியே விடாமல் காத்தீர்களே, அந்தக் காவல் சாதாரணமானதல்ல. பணம் கொடுத்துச் சில்லை வாங்கியவர் கேட்டும் தரவில்லை. சம்பளம் வாங்காமல் டிரைவர் எழுதித் தர முன்வந்தவர் கேட்டும் தரவில்லை.

உங்கள் முன்னோர்களுக்கு இந்த உறுதி இருந்ததில்லை. ஆப்பிள் 2 கணினியின் கையேட்டில் அதன் மின்சுற்று வரைபடத்தையே அச்சிட்டுக் கொடுத்தார்கள். 1981-இல் ஐபிஎம் தன் பிசியை விற்றபோது, தொழில்நுட்பக் கையேட்டில் கணினியை விழிக்க வைக்கும் பயாஸின் நிரலை வரி வரியாக அச்சிட்டது. வாங்கியவர் திறந்து பார்ப்பார், புரிந்துகொள்வார், தன் கையால் ஒரு அட்டை செய்து செருகுவார் என்று அவர்கள் நினைத்தார்கள். அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் பிசி என்ற தொழிலே வளர்ந்தது. உங்களில் பலருடைய நிறுவனங்களும் அதன் வழியாகத்தான் உள்ளே வந்தன. வந்தபின் கதவைச் சாத்தும் கலை உங்கள் தலைமுறைக்கே உரியது.

கற்பிக்கும் பணியில் நீங்கள் ஆற்றியதையும் யாராவது சொல்ல வேண்டும். லினக்ஸுக்குப் புதிதாக வந்த மாணவியை எடுத்துக்கொள்வோம். அவர் செய்ய விரும்பியது எளிமையானது: பாடத்தின் பிடிஎஃப்பைத் திறக்க வேண்டும், ஒரு காணொலி பார்க்க வேண்டும். வைஃபை பட்டியல் காலியாக இருக்கிறது. டிரைவரை இறக்கலாம் என்று பார்த்தால் டிரைவர் இணையத்தில் இருக்கிறது. இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும். வைஃபைக்கு டிரைவர் வேண்டும். இந்த வட்டத்துக்குள் அவரை நிறுத்தியதன் மூலம் கணினி அறிவியலில் மிக முக்கியமான ஒன்றை, சார்புநிலை என்பதை, எந்தப் பேராசிரியரும் நடத்தாத அழுத்தத்தோடு நடத்திவிடுகிறீர்கள். கைபேசியை யுஎஸ்பி வடத்தால் இணைத்து டெதரிங் செய்யலாம் என்று யாராவது சொன்னால் தப்பித்தார். சொல்ல ஆளில்லாத ஊரில் அவர் அன்றே விண்டோஸுக்குத் திரும்பிவிடுகிறார்.

தப்பித்தவருக்கு இரண்டாம் பாடம். டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை இட வேண்டும். மடிக்கணினிப் பெட்டியின் மேல் அச்சடித்த பெயர் உதவாது. உள்ளே இருக்கும் சில்லின் பெயர் வேண்டும். யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கியவருக்கு இது இன்னும் ஆழமான பாடம். டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற டாங்கிளின் முதல் பதிப்பில் ஆத்தராஸ் சில்லு இருந்தது. லினக்ஸில் செருகியதும் வேலை செய்யும், சில்லுக்குள் ஓடும் ஃபர்ம்வேர்கூடத் திறந்த மூலம். லினக்ஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் அதைப் பரிந்துரைத்தார்கள். இரண்டாம் பதிப்பில் அதே பெயர், அதே வடிவம், உள்ளே ரியல்டெக் சில்லு. பழைய பரிந்துரையை நம்பி வாங்கியவர்கள் பெயருக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நிறையக் கற்றுக்கொண்டார்கள்.

மூன்றாம் பாடம் கெர்னல் மாட்யூல், அதாவது லினக்ஸின் கருவான கெர்னலோடு சேரும் நிரல். யாரோ ஒரு புண்ணியவான் திருத்தி வைத்திருக்கும் டிரைவர் நிரலை இறக்கி, கெர்னல் ஹெடர்களை நிறுவி, டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாகத் தொகுக்க வேண்டும். அது முடிந்தாலும், கையெழுத்தில்லாத நிரலை ஏற்காத செக்யூர் பூட் வழிமறிக்கும். தொகுத்த மாட்யூலுக்கு ஒரு சாவி உருவாக்கி, கடவுச்சொல் ஒன்று கொடுத்து, கணினியை மறுபடி இயக்கினால் நீலத் திரை ஒன்று சில நொடிகள் மட்டும் தோன்றும். அந்த நொடிகளுக்குள் ஒரு விசையை அழுத்திச் சாவியைப் பதிவுசெய்ய வேண்டும். நீலத் திரை என்றாலே கணினி கெட்டுப்போனதாகப் பழகியவர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். திரை போய்விடும். டிரைவர் ஏறாது. காரணமும் எங்கும் தெரியாது. அடுத்த மாதம் கெர்னல் புதுப்பிக்கப்படும்போது மாட்யூல் தொகுக்கப்படாமல் போனால் பாடம் முதலிலிருந்து தொடங்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைத் திரும்ப மாணவராக்கும் ஆற்றல் உங்களுக்கு இருக்கிறது. அவர் அதைக் கேட்கவில்லை. பேரக்குழந்தையோடு முகம் பார்த்துப் பேசத்தான் கேட்டார்.

கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்ததே உங்கள் வழிவந்த ஒரு மறுப்பால்தான். 1980 வாக்கில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் ஒரு லேசர் பிரின்டரைக் கொடையாகக் கொடுத்தது. காகிதம் அடிக்கடி சிக்கியது. சிக்கினால் பயனர்களுக்குச் செய்தி போகும்படி அங்கே நிரல் எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் முந்தைய பிரின்டரின் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். இதற்கும் செய்ய நினைத்தார். மூலநிரல் தரப்படவில்லை. அது வைத்திருந்த ஒருவரைத் தேடிப்போய்க் கேட்டபோது, வெளியிட மாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டிருப்பதாக அவர் மறுத்துவிட்டார். 1983-இல் ஸ்டால்மன் கட்டற்ற இயங்குதளத்துக்கான குனூ திட்டத்தை அறிவித்தார். இன்று உலகின் பெரும்பாலான சர்வர்களை ஓட்டுகிற மென்பொருள் மரபுக்கு விதை போட்டது ஒரு பிரின்டர் டிரைவரைத் தர மறுத்த கை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கை மூடியபடியே இருக்கிறது.

பிரின்டர் என்றதும் நம் ஊர் டிடிபி கடைகளிலும் வக்கீல் அலுவலகங்களிலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கேனன் எல்பிபி 2900 நினைவுக்கு வரும். உழைக்கும் இயந்திரம். டோனர் மாற்றினால் போதும், ஆண்டுக்கணக்கில் அச்சடிக்கும். அதற்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பொதுவான அச்சு மொழி தெரியாது. கேப்ட் என்ற கேனனின் சொந்த மொழி மட்டும்தான் தெரியும். லினக்ஸுக்கான டிரைவரைக் கேனன் வெளியிடத்தான் செய்தது. அதன் முக்கியப் பகுதிகள் மூடிய பைனரி. பின்னணியில் தனியாக ஒரு டீமன் ஓட வேண்டும். 64 பிட் கணினியில் பழைய 32 பிட் நூலகங்களைத் தேடிப் போட வேண்டும். பத்திரத்தை அச்சடித்து வாங்கக் கட்சிக்காரர் வெளியே காத்திருக்கும்போது ஒரு குமாஸ்தா இதைச் செய்ய வேண்டியிருந்தது. மூடிய மொழியைக் காது கொடுத்துக் கேட்டே கற்றுக்கொண்டு, திறந்த டிரைவர் ஒன்றைத் தன்னார்வலர்கள் எழுதினார்கள். பிரின்டரை விற்றவர்கள் அந்த மொழியின் இலக்கணத்தை வெளியிட்டிருந்தால் அந்த உழைப்பு வேறு எதற்காவது போயிருக்கும்.

தன்னார்வலர்களை உருவாக்கிய பெருமையும் உங்களைத்தான் சேரும். பிராட்காமின் வைஃபை சில்லுகளுக்கு டிரைவர் இல்லாத காலத்தில் சிலர் உட்கார்ந்து அதைப் பிரித்தறிந்தார்கள். வழக்கு வரக்கூடாது என்பதற்காக இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு மூடிய டிரைவரை ஆராய்ந்து, சில்லு எப்படி நடந்துகொள்கிறது என்பதை விவரணையாக எழுதியது. மற்றொரு குழு அந்த விவரணையை மட்டும் படித்து டிரைவரை எழுதியது. நீங்கள் எழுதி வைத்திருந்த கையேட்டை, உங்களிடமிருந்து பெறாமல், இருட்டில் தடவித் தடவி மறுபடி எழுதினார்கள். 2006-இல் அது கெர்னலுக்குள் வந்தது. பிராட்காம் தானே ஒரு திறந்த டிரைவரை வெளியிட்டது 2010 செப்டம்பரில். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தச் சில்லு வைத்திருந்தவர்களுக்கு இணையம் கிடைத்தது அந்த இரண்டு குழுக்களின் இரவுகளால்.

2007 ஜனவரியில் கெர்னல் உருவாக்குநர் கிரெக் குரோ-ஹார்ட்மன் வெளிப்படையாக ஓர் அறிவிப்புச் செய்தார். எந்த நிறுவனமும் தன் சாதனத்தின் விவரக்குறிப்பைக் கொடுத்தால் போதும், லினக்ஸ் டிரைவரை இலவசமாக எழுதித் தருகிறோம், ரகசிய ஒப்பந்தம் வேண்டுமென்றால் அதிலும் கையெழுத்திடுகிறோம் என்றார். செலவு இல்லை. ஆள் தேட வேண்டாம். எழுதியபின் பராமரிப்பும் அவர்களுடையது. ஏற்றுக்கொண்டவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகும் உங்களில் பலர் அசையவில்லை. இலவசத்துக்கு மயங்காத மனம் அபூர்வம்.

கடைசியில் கொள்கைக்காரர்களும் உங்களுக்காக வளைந்தார்கள். கட்டற்ற மென்பொருளை மட்டுமே தன் அதிகாரபூர்வப் பகுதியாகக் கொள்வோம் என்று டெபியன் என்ற லினக்ஸ் திட்டம் 1997-இல் சமூக ஒப்பந்தம் எழுதியது. உங்கள் மூடிய ஃபர்ம்வேர் இல்லாமல் நிறுவிய கணினியில் வைஃபை வரவில்லை, சிலவற்றில் திரையே சரியாக வரவில்லை. கொள்கையைக் காக்கப் புதியவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதா என்று பல ஆண்டு வாதாடி, 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, அந்த ஒப்பந்தத்தையே திருத்தினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இன் நிறுவியில் உங்கள் ஃபர்ம்வேர் உட்கார்ந்திருக்கிறது. உலகெங்கும் தன்னார்வத்தால் இயங்கும் ஒரு சமூகம் தன் அடிப்படை ஆவணத்தைத் திருத்திக்கொண்டது. உங்கள் பக்கத்தில் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. எது வலியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கிராஃபிக்ஸ் அட்டை செய்யும் என்விடியாவைத் தனியாகப் போற்ற வேண்டும். 2012-இல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில், கேள்வி கேட்ட ஒருவருக்குப் பதில் சொல்லும்போது லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலை உயர்த்தி, தாங்கள் பழகியதிலேயே மிக மோசமான நிறுவனம் அது என்றார். அந்தக் காட்சியை மட்டும் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதற்குப் பின் நடந்ததுதான் உங்கள் பொறியியலின் உச்சம். நூவோ என்ற திறந்த டிரைவரைத் தன்னார்வலர்கள் ஆராய்ந்து எழுதி 2010-இல் கெர்னலுக்குள் கொண்டுவந்திருந்தார்கள். 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து அட்டையின் ஃபர்ம்வேரில் டிஜிட்டல் கையெழுத்துக் கேட்கத் தொடங்கினீர்கள். வேகத்தைக் கூட்டும் பகுதிக்கு உங்கள் கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் வேண்டும். அதை நூவோவுக்குத் தரவில்லை. அதனால் திறந்த டிரைவரில் அந்த அட்டை, இயக்கும்போது இருக்கும் ஆரம்ப வேகத்திலேயே நின்றுவிடுகிறது. ஜிடிஎக்ஸ் 1000 வரிசையிலும் அதே நிலை. முன்பெல்லாம் திறமையும் பொறுமையும் உள்ளவன் உங்கள் மௌனத்தைக் கடந்துவிடுவான். இப்போது எத்தனை திறமை இருந்தாலும் கடக்க முடியாது. மௌனத்தை இரும்பாக வார்த்திருக்கிறீர்கள்.

2022 மே மாதம் என்விடியா கெர்னல் மாட்யூல்களைத் திறந்த மூலமாக வெளியிட்டது. இது நன்று, ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த வரிசைகளுக்குப் பின் வந்த டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தைய அட்டைகளுக்கும் மட்டுமே அது பொருந்தும். பூட்டப்பட்ட 900, 1000 வரிசைகள் பூட்டியபடியே வெளியே நிற்கின்றன.

கொடுக்க நினைப்பவரையும் தடுக்கும் அளவுக்கு உங்கள் குலம் தழைத்திருக்கிறது. எச்டிஎம்ஐ 2.1 என்ற திரை இணைப்புத் தரத்துக்கான நிரலை ஏஎம்டி தன் திறந்த டிரைவருக்காக எழுதிவிட்டு, அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரத்திடம் அனுமதி கேட்டது. 2024-இல் ஃபோரம் மறுத்தது. அட்டை தயார், நிரல் தயார், எழுதியவர் தயார். வாங்கியவரின் தொலைக்காட்சியும் அதே தரத்தை ஏற்கும். நடுவில் ஓர் அனுமதித் தாள் இல்லை.

இதிலெல்லாம் நான் மிக உயர்வாகக் கருதுவது ஒன்றுதான். பழி ஒருநாளும் உங்கள் மேல் விழுவதில்லை. வைஃபை வராத இரவுக்குப் பிறகு அந்த மாணவி தோழிகளிடம் “லினக்ஸில் வைஃபை வேலை செய்யாது” என்கிறார். சில்லு செய்தவர் டிரைவர் தரவில்லை என்று சொல்வதில்லை, சொல்லத் தெரிவதுமில்லை. விண்டோஸில் ஒன்று வேலை செய்தால் அதற்கான புகழ் சாதனத்துக்குப் போகிறது. லினக்ஸில் வேலை செய்யாவிட்டால் பழி லினக்ஸுக்குப் போகிறது. பாதிக்கும் மேற்பட்ட வரிகள் டிரைவர்களாகவே இருக்கும் கெர்னல் அது. உங்கள் பொருளை ஓட்டுவதற்காகவே அத்தனை பேர் உழைத்து எழுதிய வரிகள். அவற்றை எழுதியவர்கள் திட்டு வாங்குகிறார்கள். எழுத வேண்டியவர்கள் நல்ல பெயரோடு அடுத்த மாடலை விற்கிறார்கள்.

உங்கள் போட்டியாளர்களைப் பாருங்கள். இன்டெல் தன் கிராஃபிக்ஸுக்கும் பெரும்பாலான வைஃபைக்கும் கெர்னலுக்குள்ளேயே டிரைவர் எழுதித் தருகிறது. ஏடிஐயை வாங்கிய ஏஎம்டி 2007-இல் கையேடுகளை வெளியிடத் தொடங்கியது. என்ன கண்டார்கள்? அவர்களுடைய சில்லு இருக்கும் கணினியில் லினக்ஸ் ஏற்றுபவர் டிரைவர் என்ற சொல்லையே கேட்பதில்லை. நிறுவுகிறார், வைஃபை வருகிறது, திரை தெளிவாக இருக்கிறது, வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். உள்ளே எந்தச் சில்லு இருக்கிறது என்று ஆயுள் முழுக்க அவருக்குத் தெரியாது. புதியவரின் மனதில் தங்கள் பெயரே பதியாதபடி நடந்துகொள்கிறார்கள். உங்கள் பெயரையோ, மாடல் எண்ணின் கடைசி எழுத்துவரை சொல்வார்கள்.

இந்தப் புகழ் போதும் என்று தோன்றினால், அடுத்ததற்கு வழி இருக்கிறது. 900, 1000 வரிசை அட்டைகளுக்கு 580 என்ற டிரைவர் வரிசைதான் கடைசி என்று என்விடியா அறிவித்துவிட்டது. நூலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் வீட்டு மேசையிலும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற அட்டைகள் அவை. அந்தச் சில்லுகளை நீங்கள் இனி விற்கப்போவதில்லை. காக்க வேண்டிய வியாபாரம் அவற்றில் மிச்சமில்லை. என்விடியாவை மட்டுமல்ல, வைஃபை சில்லும் கைரேகை உணரியும் பிரின்டரும் செய்து கைகழுவிய எல்லோரையும்தான் கேட்கிறேன். ஒரு பொருளுக்கு ஆதரவை நிறுத்தும் நாளில் அதன் கையேட்டை வெளியிடுங்கள். பூட்டு இருந்தால் அதன் ஃபர்ம்வேரையும் சேர்த்து வையுங்கள். டிரைவரை நாங்களே எழுதிக்கொள்கிறோம்.